கீழ் வரிசைப் படம்

நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பீளமேட்டில் அப்துல் நாசர் பாயின் ஃப்ளெக்ஸ் கடையில் ஐந்து வருடம் டிசைனராக உட்கார்ந்தால் யாருக்கும் இந்தப் புத்தி வந்துவிடும். வழுக்கைத் தலைக்கு முடி வைத்திருக்கிறேன். முகம் பார்த்துப் பேசாத பங்காளிகளை ஒரே பேனரில் தோளோடு தோளாக நிறுத்தியிருக்கிறேன்.

அதனால் அந்தப் படம் எல்லார் செல்போனிலும் சுற்றியபோது மற்றவர்களைப் போல நான் வாயைப் பிளக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முந்தைய ஃப்ளெக்ஸ் பேனர் அது. தாராபுரம் பக்கத்து மில் ஒன்றில் ஹாஸ்டல் வார்டனாக இருந்த சீனிவாசலு ஜாமீனில் வந்ததற்கு, ‘வேங்கையே வருக’ என்று மில் பக்கம் வைத்த வரவேற்பு. மேல் வரிசையில் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார் அரங்கசாமி. இன்றைக்கு எங்கள் தொகுதியின் கூட்டணி வேட்பாளர், நான் படித்த கல்லூரி டிரஸ்டின் தலைவர்.

சீனிவாசலு கைதானது இனியா செத்த வழக்கில். பதினேழு வயதில் ஹாஸ்டல் மாடியிலிருந்து விழுந்தாள் என்றார்கள். எங்கள் வீதிப் பெண், என்னோடு படித்தவள், படிப்பை விட்டு அந்த மில்லுக்கு வேலைக்குப் போனவள். சாட்சி இல்லை என்று வழக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. அவள் அம்மா மாரியாத்தாள் அத்தை மட்டும் அதே வீட்டில் இருக்கிறார். அவர் எந்தப் பக்கம் கை காட்டுகிறாரோ, எங்கள் வீதி அந்தப் பக்கம்தான் ஓட்டுப் போடும்.

அவரைச் சமாதானப்படுத்தும் வேலை என் அப்பா காளிச்சாமியின் தலையில் விழுந்தது. அப்பா அந்தக் கூட்டணிக் கட்சியின் கிளைச் செயலாளர். பேனர் வைக்கிறவர்கள் யாரைக் கேட்டு முகம் போடுகிறார்கள், அரங்கசாமிக்கும் அந்த வார்டனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அடித்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வேட்பாளரையே கூட்டி வருவதாகவும் வாக்குக் கொடுத்தார். அத்தை, “நீங்க சொன்னாச் செரிங்ணா. உங்களை நம்பித்தான் இத்தனை வருசம் இங்க இருக்கறேன்” என்றார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அடுத்தவருக்காக அடித்துப் பேசுகிற ஆள் இல்லை அப்பா. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் தட்டில் போட்ட சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, “ஏங்கண்ணு, உங்க கடையில பழைய ஃபைலெல்லாம் வெச்சிருப்பாங்களா?” என்று கேட்டார். அழித்துவிடுவார்கள் என்று ஏனோ பொய் சொன்னேன். அவர் முகம் தெளிந்து, தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் எங்கள் கடையின் பெயரும் போன் நம்பரும் இருந்தன. நான் வேலைக்குச் சேரும் முன் அடித்தது.

நாசர் பாயிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்பு ஒரு கல்யாணப் பேனரில் மச்சான் முகம் விட்டுப்போய், ஒரு கூட்டமே கடைக்கு வந்து மெஷினை உடைக்கப் பார்த்ததாம். அன்றிலிருந்து மாதிரியைத் தாளில் எடுத்துக் கொடுத்து, வாடிக்கையாளர் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். அந்தத் தாளையும் ஸ்கேன் செய்து வைத்துவிடுவார். தேர்தல் விதி வந்து பேனர் வேலை படுத்துக்கிடந்த நேரம். எதற்குக் கிளறுகிறாய் என்று முனகினாலும், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார்.

அரை மணி நேரத்தில் தாள் அகப்பட்டது. முதலில் அரங்கசாமி இரண்டாம் வரிசையில்தான் இருந்திருக்கிறார். சிவப்பு மையில் அவரே எழுதியிருந்தார்: ‘என் படத்தைப் பெரிசாக்கி மேல் வரிசையில் வைக்கவும்.’ கீழே, இப்போது வீதி முழுக்கக் கொடுத்த தேர்தல் நோட்டீஸில் இருக்கும் அதே கையெழுத்து. வசமாக மாட்டினாயா என்று எனக்கு ஒரே குஷி. பொறுக்கமாட்டாமல் பெரிதாக இடம் கேட்ட அந்த ஆசைதான் ஆளைக் காட்டிக்கொடுத்தது.

அப்புறம்தான் தாளின் அடியைப் பார்த்தேன். ஒரு பாஸ்போர்ட் போட்டோவைப் பின் குத்தி, ‘இவரையும் கடைசியில் சேர்க்கவும்’ என்று அதே சிவப்பு மையில் எழுதியிருந்தது. நெற்றியில் பிளாஸ்திரியோடு என் அப்பா. செல்போனில் சுற்றிய படத்தில் கீழ் வரிசையை முன்னால் நிறுத்தியிருந்த பைக்குகள் மறைத்திருந்தன.

எங்கிருந்தோ வெட்டி எடுத்தது என்று மனதைத் தேற்றிக்கொள்ளக்கூட வழியில்லை. அந்தப் போட்டோ எடுக்க அப்பாவை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனதே நான்தான். என் கல்லூரி விண்ணப்பத்தில் அப்பா படமும் ஒட்டவேண்டும் என்று எடுத்தது. மூன்று பிரதி. இரண்டை விண்ணப்பத்தில் ஒட்டினோம். முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. பிறகு டிரஸ்ட் தலைவரின் கடிதத்தோடு சீட் வந்தது. மூன்றாவது போட்டோ எங்கே போனதென்று நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வரவில்லை. அப்பா மேல் ஆத்திரம் வந்தது, அதைவிட என் படிப்பின் மேல் அருவருப்பு வந்தது.

தாளை அச்செடுத்தேன். அப்பா தெரியாதபடி அடிப்பகுதியைப் பின்பக்கமாக மடித்துப் பையில் வைத்தேன். வேட்பாளரைப் பிடித்தால் போதும், அப்பா எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு காலை அரங்கசாமி பத்துப் பேரோடு வந்து, அத்தையின் வாசலில் கைகூப்பி நின்றார்.

“அந்தப் பேனரை நான் கண்ணாலகூடப் பார்த்ததில்லைங்கம்மா. கேட்காமப் போட்டுட்டாங்க.”

அத்தை அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

“கயலு, நீ அந்தத் தொழில்லதான இருக்கறே. கேக்காமப் போடுவாங்களா, அம்மணி?”

“மத்த கடையில போடுவாங்க அத்தை. எங்க கடையில கையெழுத்து வாங்காம அடிக்கறதில்லைங்க.”

தாளை அத்தையிடம் கொடுத்தேன். சிவப்பு மையைக் கண்டதும் அரங்கசாமி கூப்பிய கையை இறக்கினார். பக்கத்திலிருந்தவர் ஏதோ சொல்லி அவரைக் காருக்குத் தள்ளிக்கொண்டு போனார். அவர்கள் போனதை அத்தை கவனித்ததாகவே தெரியவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா முன்னால் வந்து அவர் கையிலிருந்து அதை வாங்கினார். கிழிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மடிப்பைப் பிரித்து, விரலால் நீவிவிட்டுத் திரும்பக் கொடுத்தார்.

“முழுசாப் பார்த்துக்கம்மா. கயலுக்கு சீட்டுக் கேட்டுப் போனனுங்க. போட்டோ ஒண்ணு வேணும்னாங்க. எதுக்குன்னு தெரிஞ்சேதான் குடுத்துப்போட்டேன்.”

அத்தை அந்தச் சின்ன முகத்தின் மேல் விரலை வைத்தார். நெற்றிப் பிளாஸ்திரியில் விரல் நின்றது.

“இது எம்புள்ளை பொணத்தைப் பார்க்க என்னைய வண்டியில கூட்டிட்டுப் போறப்ப நீங்க உழுந்த காயமுங்ணா” என்றார். “ஆறக்கூட இல்லீங்களே.”