முதலில் இருந்த திட்டம்

ஒப்பிட்டுக் காட்டும் இணையதளம் என்றால் ஏதோ தர்மத்துக்கு நடத்துகிறார்கள் என்று பலருக்கு நினைப்பு. மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை வரிசையாகக் காட்டுவார்கள். அதிகக் கமிஷன் கொடுக்கும் கம்பெனி மேலே உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் வித்தை.

அங்கே வாசகம் எழுதும் வேலையில் இருந்தவளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. "முதலில் காட்டப்படும் திட்டத்தை நீங்கள் எடுத்தால் எங்களுக்கு அதிகக் கமிஷன் கிடைக்கும்" என்று எழுதி, அதைப் பக்கத்தின் உச்சியில் போடச் சொல்லி மேனேஜரோடு மல்லுக்கு நின்றாள்.

"கடையத் திறந்து வச்சுட்டு உள்ள வராதேன்னு சொல்ற மாதிரி இருக்கும்மா," என்றார் அவர். கடைசியில் இவள் பிடிவாதம்தான் ஜெயித்தது. கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் அந்த வரி ஏறியது. அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டாள்.

அண்ணன் அந்தத் தளத்தில்தான் அண்ணிக்குக் காப்பீடு எடுத்தான். அண்ணிக்கு வெகுநாளாக இதய வால்வில் கோளாறு. ஆபரேஷனுக்குப் போனபோது மருத்துவமனைக் கவுன்ட்டரில் கையை விரித்துவிட்டார்கள்: முன்பே இருந்த நோய்க்கு மூன்று வருஷம் கழித்துத்தான் பணம். அதே பட்டியலில் நான்காவதாக இருந்த திட்டத்தில் அந்த நிபந்தனை கிடையாது. அண்ணன் காரை விற்று, கடனுக்கு அலைந்து, பணம் புரட்டுவதற்குள் அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பிய பிறகு, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏண்ணா, அவ்வளவு பெருசா எழுதியிருந்தேனே. படிக்கலையா?"

"நீ எழுதினதாச்சே, படிக்காம இருப்பேனா? உங்க அண்ணிக்கும் படிச்சுக் காட்டினேன். நாலாவதையும் பாத்தோம், பெருசா வித்தியாசம் தெரியல. அவதான், 'மேல இருக்கறதையே எடுங்க, அவளுக்கு நாலு காசு கிடைக்கட்டும்'னா."

அவள் மாதச் சம்பளக்காரி. கமிஷனில் ஒரு பைசா அவள் கைக்கு வருவதில்லை. அதையும் எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அண்ணன் குழாயை மூடினான். "உனக்கு ஏதாவது வந்துதாம்மா?"

எதையும் மறைக்கக் கூடாதென்று ஆபீசையே இரண்டாக்கியவள் தலையை ஆட்டினாள். "வந்துதுண்ணா."

"அப்பவே அவகிட்ட சொல்லியிருக்கலாமே," என்றான் அண்ணன். "'வந்துதா, வந்துதா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா."