இரண்டு பேர் கணக்கு

"காட்டத்தானே கேக்கறோம் சம்பந்தி? எடுத்துத் தின்னவா கேக்கறோம்?"

மாமியார் இதைச் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அந்தச் சிரிப்புக் காதில் விழுந்ததும், சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த மருமகள் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கவனித்தாள். மாமியார் கத்தினால் பயமில்லை, கத்தல் தானாக அடங்கிவிடும். சிரிப்பு அப்படியல்ல. எதையாவது வாங்காமல் அது அடங்காது.

கூடத்தில் அவளுடைய அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சின்னதாக ஒரு லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். எவ்வளவு தேய்த்தாலும் போகாத எண்ணெய்க் கறுப்பு விரலிடுக்கில் படிந்திருந்தது. மாமியார் வீட்டு நாற்காலி உறை வெள்ளை. அதில் பட்டுவிடுமோ என்று கைகளை மடியிலேயே கோத்து வைத்திருந்தார்.

"எனக்கு இன்னும் சரியாப் பிடிபடல மாப்பிள்ளை. கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க."

"ரொம்பச் சுலபம் மாமா," என்றான் அவள் கணவன். "நாங்க போற நாட்டுல தொழில் தெரிஞ்சவங்களைக் குடியேற விடறாங்க. உங்க பொண்ணு நர்ஸ். அவ பேர்லதான் விண்ணப்பம். ஆனா அங்க போய் இறங்கிட்டு நடுத்தெருவுல நிக்கக் கூடாதுல்ல? வேலை கிடைக்கற வரைக்கும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் இருக்குன்னு பேங்க்ல காட்டணும். தனி ஆளுக்கு ஒரு தொகை, புருஷன் பொண்டாட்டின்னா அதுக்கு மேல. நம்மகிட்ட இருக்கறது பத்தல."

"அதுக்கு நான் எவ்வளவு கடன் தரணும்?"

"அய்யோ, கடன்னு வாயில வரவே கூடாது மாமா! கடன் பணத்தை ஒத்துக்க மாட்டாங்க. நீங்க அன்பளிப்புன்னு எழுதித் தரணும். திரும்பக் கேக்க மாட்டேன், யாரோட கட்டாயமும் இல்லாம மனசொப்பித் தர்றேன்னு. நோட்டரி வக்கீல் முன்னாடி ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

அப்பா கோத்திருந்த விரல்களைப் பிரித்தார்.

"திரும்பக் கேக்க மாட்டேன்னு எழுதிட்டு, அப்புறம் எப்படி மாப்பிள்ளை திரும்பக் கேக்கறது?"

"கேக்கவே வேணாமே. அங்க போய் நாலு காசு கையில வந்ததும் நானே அனுப்பிடுவேன். பணம் என் கணக்குலதானே இருக்கப்போகுது, எங்க ஓடிடும்?"

"நமக்குள்ள என்ன சம்பந்தி எழுத்து?" என்று மாமியார் மறுபடி சிரித்தாள். "வெள்ளைக்காரன் கேக்கறதுக்காக ஒரு எழுத்து. நமக்குள்ள வாய் வார்த்தை."

டீத் தம்ளர்கள் தட்டில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ள அவள் கூடத்துக்கு வந்தாள்.

"என்னம்மா, ஊரு பேரு தெரியாதவனுக்கெல்லாம் ஊசி குத்தற கை, சொந்த அப்பனுக்கு டீ குடுக்க நடுங்குது?" என்றாள் மாமியார்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பெண்ணைக் கொடுத்தவர் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துத்தானே ஆக வேண்டும்?

காட்டத்தான். இந்த வார்த்தை அவளுக்குப் புதிதல்ல. கல்யாணத்தின்போது அவள் கழுத்துக்கும் கைக்கும் நகை கேட்டபோதும் இதையேதான் சொன்னார்கள். "நாங்களா போட்டுக்கப் போறோம்? சபையில நாலு பேருக்குக் காட்ட வேணாமா?" சபை கலைந்ததும் நகை பத்திரத்துக்காக மாமியாரின் லாக்கருக்குப் போனது. நாத்தனார் கல்யாணம் வந்தது. "அவங்க வீட்டுல காட்டத்தான், விசேஷம் முடிஞ்சதும் வந்துடும்." காட்டப் போன நகை கிணற்றில் போட்ட கல். அவள் வேலைக்குப் போய் மிச்சம் பிடித்து, தன் பேரில் பேங்கில் போட்டு வைத்திருந்த பணம் ஒன்றுதான் மாமியார் கைக்கு எட்டாமல் இருந்தது.

வாசல்வரை அப்பாவோடு போனாள். செருப்பை மாட்டியபடியே அவர் தணிந்த குரலில், "பெரிய லேத்தைக் கேட்டு ஒரு ஆள் ரொம்ப நாளா நச்சரிக்கறான் பாப்பா. குடுத்துட்டாச் சரியாயிடும்," என்றார்.

"அதைக் குடுத்துட்டா நீங்க என்னப்பா பண்ணுவீங்க?"

"சின்னது ஒண்ணு இருக்குல்ல? போல்ட்டு நட்டு கடைஞ்சுக்கிட்டு இருக்கேன்."

"வேணாம்பா. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? லேத்து ஓடறப்போ எங்க கைய வைக்கக் கூடாதுன்னு தெரியும். இதுல எங்க வைக்கறேன்னே தெரியல." அவர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "ஆனா முடியாதுன்னா, மாப்பிள்ளை பழையபடி அந்த வார்த்தையைச் சொல்லிடுவாரேம்மா."

அந்த வார்த்தை இரண்டு பேருக்கும் தெரியும். "உங்க அப்பன் வீட்டுக்கே போயிடு." டீயில் சர்க்கரை குறைந்தாலும் அதுதான், டியூட்டி முடிந்து வரத் தாமதமானாலும் அதுதான். அதைக் கேட்டுக் கேட்டு மகள் வாயை மூடிக்கொண்டாள். அப்பா பையைத் திறந்துகொண்டே இருந்தார்.

அவள் வேலை பார்த்தது டயாலிசிஸ் பிரிவில். நோயாளியின் கையிலிருந்து ஒரு குழாயில் ரத்தம் மெஷினுக்குப் போகும், சுத்தமாகி இன்னொரு குழாயில் திரும்பி வரும். புதிதாக வருகிறவர்கள் வெலவெலத்துப்போவார்கள். "அத்தனையும் போகுதே சிஸ்டர், திரும்பி வந்துடுமா?" "வந்துடும், நான் பக்கத்துலயேதான் இருக்கேன்," என்று சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகிவிட்டது. வருகிற வழியில் கொஞ்சம் தடங்கல் என்றாலும் மெஷின் அலறிவிடும். மறுநாள் ஒரு மெஷின் அலறியபோது குழாயைச் சரிசெய்துகொண்டே அவள் நினைத்தாள்: அப்பாவின் லேத்து போகப் போகிறதே, அது திரும்பி வராவிட்டால் அலற யார் இருக்கிறார்கள்?

டியூட்டி முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல், விண்ணப்ப வேலையைப் பார்த்துத் தருகிற அலுவலகத்துக்குப் போனாள். அதை நடத்துகிறவளை எல்லோரும் விசா அக்கா என்பார்கள். ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டே அவள், "உக்காரு தங்கச்சி. அன்பளிப்புக் கடிதம் ரெடியா?" என்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். என் பேர்ல நான் போட்டு வெச்சிருக்கறது எதுக்குப் போதும்?"

விசா அக்கா கணினியைத் தட்டிப் பார்த்தாள். "தனி ஆளா இருந்தா தாராளமாப் போதும். அதுக்கு மேலயே இருக்கு."

"அப்ப இந்தக் குறையற பணம்?"

"உன் வீட்டுக்காரருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவர் இப்போதைக்கு வரல, நான் மட்டும் போறேன்னு போட்டா?"

"எல்லாரும் இதைக் கேக்கறாங்க. வந்தாலும் வராட்டியும் கல்யாணம் ஆனவளுக்கு ரெண்டு பேர் கணக்குத்தான். அவர் சோபாவுல படுத்துத் தூங்கிட்டு இருந்தாக்கூட அந்த நாட்டுச் சட்டத்துல அவருக்கும் சேத்துத்தான் நீ காட்டணும்." விசா அக்கா போனைக் கீழே வைத்தாள். இவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உண்மையாப் பிரிஞ்சு, அது எழுத்துல இருந்தா வேற கதை. பொய்யாக் கிறுக்கிட்டு வந்துடாதே, அது தப்பு. ஏன் கேக்கற?"

"சும்மாதான் கேட்டேன்க்கா."

ஆனால் வழி நெடுக அந்தப் பேச்சு காதில் ரீங்கரித்தது. கல்யாணத்தன்று புருஷனுக்கென்று அப்பா ஒரு விலை கொடுத்தார். அதற்கு வரதட்சணை என்று பேர் இருந்தது, கூடாது என்று சொல்ல ஒரு சட்டமாவது இருந்தது. இப்போது அதே ஆளுக்கு இன்னொரு விலை. இதற்கு அன்பளிப்பு என்று பேர். அந்த நாட்டுச் சட்டமே வாசலில் நின்று வாங்கிவரச் சொல்கிறது.

நோட்டரி வக்கீலின் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு மேஜை, அதைச் சுற்றி நான்கு பேர் இடித்துக்கொண்டு நிற்கிற இடம். பெரிய லேத்துக்கு அப்பா முன்பணம் வாங்கிவிட்டிருந்தார். பளிச்சென்று சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி. வந்தவர்களுக்கென்று இருந்த ஒரே நாற்காலியில் மாமியார் உட்கார்ந்துகொண்டாள். கணவன் கடிதத்தை விரித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தான்.

"பெரியவரே, மனசொப்பித்தானே தர்றீங்க? யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்று கேட்டார் வக்கீல். கேட்டாரே தவிர நிமிர்ந்து பார்க்கவில்லை. பதில் எப்போதும் ஒன்றுதான் என்பதால் கை அது பாட்டுக்கு முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டிருந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"கட்டாயந்தான் சார்."

யார் பேசியது என்று அவளே ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். அவள்தான் பேசியிருந்தாள்.

"என்னது?" என்றார் வக்கீல். முத்திரை அந்தரத்தில் நின்றது.

"அவளுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல் சார், உளர்றா," என்றாள் மாமியார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"காய்ச்சல் இல்ல அத்தை. அப்பா தொழிலை வித்துத்தான் இந்தப் பணம் வருது. திருப்பித் தர்றதா வீட்டுல சொல்றாங்க, திருப்பிக் கேக்க மாட்டேன்னு இங்க எழுதச் சொல்றாங்க. இதுல எது மனசொப்பி சார்?"

"அம்மா, இதெல்லாம் வீட்டுலயே பேசித் தீத்துக்கிட்டு வர மாட்டீங்களா? அடுத்தவங்க வெளிய காத்துட்டு இருக்காங்க," என்று வக்கீல் முத்திரையைக் கீழே வைத்தார். "கட்டாயம்னு காதுல விழுந்தப்புறம் நான் போட முடியாது."

கணவனுக்கு முகம் ரத்தமாய்ச் சிவந்துவிட்டது. "எம் மானத்தை வாங்கிட்டல்ல? போ! இப்படியே உங்க அப்பன் வீட்டுக்குப் போயிடு. உனக்கும் எனக்கும் இனிமே ஒண்ணுமில்ல. உன்கூடச் சேந்து வாழ முடியாது!"

அப்பா பதறிப்போனார். "மாப்பிள்ளை, மாப்பிள்ளை! அப்படிச் சொல்லாதீங்க. சின்னப் பொண்ணு, தெரியாமப் பேசிட்டா. எங்க போடணும் சொல்லுங்க, இந்தா போட்டுடறேன்..." கறுப்பு விரல்களால் பேனாவைத் தேடினார்.

அவள் பேனாவை முந்தி எடுத்துக்கொண்டாள். பேனா மேஜையில் இரண்டு தரம் தட்டியது. இத்தனை வருஷமாகப் பயந்த வார்த்தை வீட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. பயம் அப்படியேதான் இருந்தது, ஒரு பொட்டுக் குறையவில்லை. ஆனாலும், 'உண்மையாப் பிரிஞ்சு, அது எழுத்துல இருந்தா வேற கதை' என்று விசா அக்கா சொன்னது நினைவுக்கு வர, குரல் வந்தது.

"சார், இவர் இப்ப ஒண்ணு சொன்னாரே, அதை அப்படியே எழுதி முத்திரை போட்டுத் தர முடியுமா?"

வக்கீல் அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"மனசொப்பித்தான் சொல்றாரு சார். யாரும் கட்டாயப்படுத்தல."