திருப்பி வைத்த பலகை

ஃபுல்க்ரானுக்கு சைக்கிள்காரர்களைக் கண்டாலே ஆகாது. கார்க்காரனாவது இரைந்துகொண்டு வருவான், போய்விடுவான். இவர்கள் பூனை மாதிரி வந்து வேலியோரம் நிற்பார்கள். சாணி அள்ளிக்கொண்டிருக்கும் அவரை ஆடுகளோடு சேர்த்துப் படம் பிடிப்பார்கள். "அடடா, என்ன அமைதி!" என்று ஒருத்தருக்கொருத்தர் கத்திச் சொல்லிக்கொள்வார்கள்.

வியோர் ஆற்றுக்கு மேலே, மேட்டு நிலத்தில், அவர் வீட்டு முற்றத்தை உரசிக்கொண்டு போகும் அந்தக் குறுகிய பாதையில் பால் வண்டியும் ரொட்டி வண்டியும் தவிர வேறெதுவும் வராது. அதுவே வினையாகிவிட்டது. வண்டி வராத பாதை என்று பட்டணத்தில் யாரோ கண்டுபிடித்து, முச்சந்தியில் சைக்கிள் படம் போட்ட பச்சைப் பலகையை நட்டுவிட்டுப் போனார்கள்.

மே மாதத்தில் ஒருநாள், மேய்ச்சல் நிலத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு கூட்டம் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போயிற்று. செம்மறிகள் பனி ஈரம் காயாத குதிரைமசால் தீவன வயலுக்குள் புகுந்து மேய்ந்தன. அவர் ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் வயிறு உப்பி மூன்று சாய்ந்துவிட்டன. நான்காவதின் விலாவில் கத்தியை இறக்கிக் காற்றை வெளியேற்றிக் காப்பாற்றினார். ஊராட்சி அலுவலகத்தில் போய்ச் சத்தம் போட்டதற்கு, "பலகை மாவட்டத்துக்காரங்க நட்டது, எங்க கையில ஒண்ணுமில்ல" என்று கையை விரித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஃபுல்க்ரான் கடப்பாரையோடு போய்ப் பலகையை இடப்பக்கம் திருப்பி வைத்தார்.

இடப்பக்கப் பாதை செங்குத்தாக ஆற்றுக்கு இறங்கி, பழைய மாவு ஆலையில் முட்டி நின்றுவிடும். அங்கே இருந்தவள் நொயெலி. அவர் தம்பியின் மனைவியாக இருந்தவள். விவாகரத்தில் அப்பா காலத்து ஆலை அவள் பங்குக்குப் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. சைக்கிள்காரர்கள் போய் அவள் உயிரை எடுக்கட்டும், பிறகு அத்தனை மேட்டையும் மூச்சு வாங்க ஏறி வரட்டும் என்று நினைத்தபோது அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

ஜூன் மாதம் முழுக்க அவர் நினைத்தபடியே நடந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முகம் சிவக்க, பலகை நட்டவனின் பரம்பரையையே திட்டிக்கொண்டு வந்தார்கள். ஜூலையில் ஏறி வருகிறவர்கள் குறைந்தார்கள். ஆகஸ்டில் ஒருவரும் வரவில்லை. ஆனால் இறங்கிப் போகிறவர்கள் மட்டும் கூடிக்கொண்டே போனார்கள்.

விஷயத்தைச் சொன்னவன் ரொட்டி வண்டிக்காரன் ஜோஸ்லன்.

"உங்க நொயெலிக்கு இப்ப யோகம்தான் போங்க! முன்னாடி ஒத்த ரொட்டி வாங்குவா. இப்ப கூடையோட இறக்கிட்டு வர்றேன்."

"எங்க நொயெலி இல்ல. எதுக்காம் அவ்வளவு ரொட்டி?"

"தெரியாதா? அணைக்கட்டுல பழைய கட்டைங்க நிக்குதில்ல, அது மேல பலகை அடிச்சுப் பாலம் போட்டுட்டா. அக்கரை ஏறினா பழைய ரயில் பாதை, மேடே தெரியாது. காப்பி, பிளம் டார்ட், மீன் வறுவல்னு வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போவுது. முந்தின வழியைவிட இதுதான் ஜோருன்னு எல்லாரும் சொல்றாங்க."

ஃபுல்க்ரான் ரொட்டியை வாங்காமலே உள்ளே போனார். மரம் அறுக்கும் இயந்திர ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே நடக்க ஆரம்பித்தார்.

ஆலை வாசலில் மேசைகள் போட்டிருந்தன. ஐந்தாறு சைக்கிள்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நொயெலி தட்டும் கையுமாக வந்தவள், அவரைப் பார்த்து நின்றாள்.

"என்ன, ரம்பத்தோட வந்திருக்கே? கிறிஸ்துமஸ் மரம் வெட்ட இன்னும் நாள் இருக்கே."

"அந்தக் கட்டையெல்லாம் எங்கப்பா அடிச்சது."

"ஆமா. அவர் அடிச்சதை உன் தம்பி குடிச்சே தொலைச்சான். மிச்சத்தைக் கோர்ட்டு எனக்குக் குடுத்துச்சு. தெம்பு இருந்தா அங்க போய்க் கேளு."

"பாலத்தை அறுக்காம போகமாட்டேன்."

"அறு. ஆளுங்களை நீதானே திருப்பி விட்டே? எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? கமிஷன் கேட்டிருந்தா ரெண்டு துண்டு டார்ட் எடுத்து வெச்சிருப்பேனே!"

மேசைகளில் யாரோ சிரித்தார்கள். ஃபுல்க்ரான் கயிற்றைச் சுண்டி இழுத்தார். ரம்பம் உறுமியது. பாலத்தின் இந்த முனையில் குனிந்து முதல் பலகையில் ரம்பத்தின் பல்லை வைத்தார். மரத்தூள் தெறித்தது.

அப்போது ஒரு பெண்மணி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். எழுபது வயதிருக்கும். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், காலில் சைக்கிள் ஓட்டும் ஷூ. நேராக நடந்து வந்து அந்தப் பலகையின் மேலேயே ஏறி நின்றார். சுழலும் பல்லுக்கும் அவர் பாதத்துக்கும் ஒரு சாண்கூட இல்லை.

"தள்ளுங்க!" என்று ஃபுல்க்ரான் கத்தினார்.

அவர் நகரவில்லை. ஃபுல்க்ரானின் முகத்தையே பார்த்தபடி நின்றார். ரம்பத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

"முடிஞ்சுதா?" என்றாள் நொயெலி. "அறுத்த பலகைக்குப் புதுசு வாங்கிக் குடுத்துட்டு, இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே."

ஃபுல்க்ரான் திரும்பி மேடேறினார். பாதி மேட்டில் மூச்சு வாங்க நின்றார். பின்னால் சக்கரம் ஓடும் மெல்லிய சத்தம் கேட்டது. அந்தப் பெண்மணிதான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ரம்பத்தை இதுல வைங்க."

"வேண்டாம்."

"சரி, சுமங்க." அவர் முந்திப் போகவில்லை. பக்கத்திலேயே நடந்தார். "என் பேர் உகெத். ஜூன்ல நானும் என் வீட்டுக்காரரும் இந்த வழியா வந்தோம். நீங்க திருப்பி வெச்ச பலகையை நம்பித்தான்."

ஃபுல்க்ரான் ரம்பத்தைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"ஏறி வரும்போது மேல அந்த முச்சந்தியில அவருக்கு நெஞ்சு அடைச்சிடுச்சு. ஒரு டிராக்டர் போச்சு. கையை ஆட்டினேன், நிக்கலை."

அந்தப் பிற்பகல் ஃபுல்க்ரானுக்கு நினைவு வந்தது. ஒருத்தி கையை ஆட்டினாள், புல்லில் ஒருத்தன் சாய்ந்து கிடந்தான். நன்றாக வேண்டும் என்று நினைத்து டிராக்டரின் வேகத்தைக் கூட்டியிருந்தார்.

"செத்துட்டாரா?" என்று கேட்டார். குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"இல்ல. உயிரோட இருக்கார். மாடிப்படி ஏற முடியாது. சைக்கிளை வித்துட்டோம்."

"உங்க ஆளுங்க கதவைத் திறந்து போட்டு என் ஆடு மூணு செத்துச்சு."

"நாங்க போட்டோமா?"

"யாரோ ஒருத்தர்."

"அப்ப அந்த யாரோ ஒருத்தரைப் போய்க் கொன்னிருக்கணும்."

மேடு முடிந்தது. உகெத் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்கோங்கன்னு ஏதாவது ஆரம்பிச்சுடாதீங்க. எனக்கு அது வேண்டாம். அந்த டிராக்டர்ல இருந்த மூஞ்சியை ஒரு தடவை கிட்டத்துல பார்க்கணும்னுதான் வந்தேன். பார்த்துட்டேன்."

அவர் ஃபுல்க்ரானின் முற்றத்தை உரசும் பாதையிலேயே போனார். நாய் குரைத்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஃபுல்க்ரான் ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். பால் கறக்கும் நேரம் தாண்டி, தொழுவத்தில் ஆடுகள் கத்த ஆரம்பித்த பிறகே போனார்.

வெள்ளிக்கிழமை ஜோஸ்லன் வந்தபோது கதவைப் பாதி திறந்து கையை நீட்டினார். கூடவே ஒரு புதுப் பலகையையும் வெளியே தள்ளினார்.

"இதைக் கீழ போட்டுடு."

"ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். ரொட்டியைக் குடு." கதவைச் சாத்தப் போனவர் நின்றார். "ஒரு வயசான பொம்பள, முடியை ஒட்ட வெட்டியிருக்கும், மறுபடி வந்துச்சா?"

"எத்தனையோ பேர் வர்றாங்க. யாரு அவங்க?"

ஃபுல்க்ரான் கதவைச் சாத்திக்கொண்டார்.