தெளிந்தவன்

வெல்டர் தன் மனைவியின் முகத்தை இரும்புக் கட்டிலின் சட்டத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் அவளை அறைந்துகொண்டிருந்தான். அவள் மேல் எறும்பு மொய்க்கிறதாம். காதுக்குள் போகிறதாம், முடிக்குள் புகுகிறதாம், தட்டிவிடுகிறானாம். குடியைத் திடீரென்று நிறுத்திய உடம்பு இப்படித்தான் இல்லாததையெல்லாம் கண்ணுக்குக் காட்டும். எறும்பு எதுவும் இல்லை. அதனால் எறும்புக்கு விழ வேண்டிய அடி மொத்தமும் அவளுக்கு விழுந்தது.

டாக்டர் ஓடிவந்தபோது சுற்றிலும் கட்டில்களில் கிடந்த ஆண்கள் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டில்களுக்குக் கீழே துணி விரித்துப் படுத்திருந்த அவர்களுடைய மனைவிமார் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். தலைமை நர்ஸும் காவலாளியும் வெல்டரின் கைகளை முறுக்கிப் பிடிக்க, டாக்டர் அவன் தொடையில் ஊசியை இறக்கினார். பிடி தளர்வதற்குள் சட்டத்தில் சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவள் தாடை உடைந்திருந்தது. ரத்தமும் எச்சிலும் ஒழுக நின்றாளே தவிர அவள் அழவில்லை. வாயைத் திறக்க முடிந்தால்தானே அழுவதற்கு.

அவனுடைய அம்மா கட்டிலின் மறுபக்கம் நின்று மகனின் நெற்றி வேர்வையை ஒற்றிக்கொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்து, "வியாதிக்காரப் பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும்? டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க" என்றாள்.

டாக்டர் சொல்லியிருந்தார்தான். நாள் தவறாமல் சொல்வார். மருத்துவ மாணவர்களுக்கு அவர் எடுக்கும் முதல் பாடமே அதுதான்: குடி என்பது திமிர் அல்ல, வியாதி. குடிகாரனைக் கண்டால் பெரிய டாக்டர்களே மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிப்போன காலத்தில், இதே வரியைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றி, சண்டை போட்டு இந்த வார்டை வாங்கினார். வார்டுக்கு ஒரு விதியும் அவரே போட்டார். துணைக்கு வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்கினால்தான் கட்டில். சொந்தம் பக்கத்தில் இருந்தால் நோயாளி பாதியில் ஓட மாட்டான், சீக்கிரம் தேறுவான். அதில் பொய்யில்லை. ஆனால் அந்த வீட்டு ஆள் எப்போதும் மனைவியாகவே இருந்தாள். தரையில் படுத்தாள், வாந்தியை அள்ளினாள், அடியையும் அவளே வாங்கினாள். பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதால் அது யாருக்கும் ஒரு விஷயமாகவே படவில்லை. டாக்டருக்கும் படவில்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

தாடையில் கம்பி போட்டுத் திரும்பி வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் ஒரு வாக்குக் கொடுத்தார்.

"இது குடி அடிக்கிற அடிம்மா, அவர் அடிக்கலை. குடி போயிட்டா அடியும் போயிடும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

அவள் தலையை ஆட்டினாள். பேச முடியாதவளிடம் சரி என்று வாங்குவது சுலபம்.

வெல்டர் தேறினான். ஏனோதானோ என்று இல்லை, நிஜமாகவே தேறினான். அதன் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. முகத்தில் களை வந்தது, சட்டையில் மடிப்பு வந்தது, வேலையில் நல்ல பெயர் வந்தது. டாக்டர் அவனை வகுப்புக்கு அழைத்துவந்து மாணவர்கள் முன்னால் நிறுத்தினார். வாய் உள்ள ஆள். குடித்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வான், திருந்திய கதையை அழ அழச் சொல்வான். "பொண்டாட்டி தாடையை உடைச்ச பாவி நான்" என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளும் இடம் வந்தால் முதல் வரிசை கண்ணைத் துடைத்துக்கொள்ளும். புதுப் புது மாணவர்கள் வந்துபோனார்கள், அவன் மாறாமல் வந்துகொண்டிருந்தான். வார்டில் அவனுக்கு வாத்தியார் என்றே பெயர் விழுந்துவிட்டது. டாக்டருக்கு அவனைப் பார்த்தால் கூடப் பிறந்த தம்பி முன்னுக்கு வந்ததுபோல் ஒரு பூரிப்பு.

அந்த வாத்தியாரின் மனைவி ஒரு நாள் காலை வெளிநோயாளிகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். டாக்டருக்கு முதலில் ஆள் அடையாளம் தெரியவில்லை. துணி தைத்துப் பிழைக்கிறவள், ஒரு பொத்தானைக்கூடப் பிடிக்க முடியாதபடி விரல் நடுங்கியது. கண் ஓர் இடத்தில் நிற்கவில்லை. பல் தந்தியடித்தது. உள்ளே அழைத்து உட்காரவைத்ததும் மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தாடை உடைந்தபோது தந்த வலி மாத்திரையில் தொடங்கியது. அப்புறம் விலா எலும்புக்கு ஒரு தடவை, மணிக்கட்டுக்கு ஒரு தடவை. படுத்தால் தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையும் சேர்ந்துகொண்டது. இப்போது கை நிறைய விழுங்கினால்தான் தையல் மெஷினில் உட்கார முடிகிறது. நேற்று புருஷன் அதைக் கண்டுபிடித்து, மாத்திரை அத்தனையையும் சாக்கடையில் கொட்டிவிட்டு, அவளைப் பின்கட்டு அறையில் போட்டுப் பூட்டிவிட்டான். உள்ளே ஒரு தடவை வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். விடிந்ததும் ஜன்னல் கம்பியை நெம்பிக்கொண்டு வெளியே குதித்து, நேராக இங்கே வந்திருக்கிறாள்.

டாக்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். தாடை உடைந்தது சரி, அது அவன் குடித்த காலம். விலாவும் மணிக்கட்டும் எப்போது உடைந்தன என்று கேட்டார்.

"அவர் குடியை விட்டதுக்கு அப்புறம்தான் டாக்டரம்மா" என்றாள் அவள். "குடிச்சப்ப கை தள்ளாடும். பாதி அடி சுவத்துல விழும். இப்ப ஒண்ணுகூடத் தப்பறதில்ல."

அதைக் குறையாகக்கூட அவள் சொல்லவில்லை, விசாரித்ததற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். டாக்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

இப்படித் திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு மேல் வலிப்பு வந்து உயிரே போகலாம். உடனே படுக்கவைத்து, மருந்து கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். ஆனால் தலைமை நர்ஸ் வாசலில் நின்று, துணைக்கு யார் என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை, அது டாக்டர் போட்ட விதி. வெல்டருக்குப் போன் போயிற்று.

அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். வராந்தாவில் மாணவர்கள் நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்துத் தெரிந்தவன்போல் சிரித்தான், டாக்டருக்கு வணக்கம் வைத்தான். விஷயத்தைச் சொல்லித் துணைக்குத் தங்கச் சொன்னதும் சிரிப்பு வடிந்துவிட்டது. பொம்பளைக்கு வார்டில் துணை படுத்தான் என்று தெரிந்தால் பட்டறையில் தலை காட்ட முடியுமா என்றான். அம்மாவையாவது தங்கச் சொன்னால் அவளுக்கு முட்டி வலியாம். மகனுக்காக மாதக்கணக்கில் இதே வார்டைச் சுற்றி வந்தபோது அந்த முட்டி எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

"ஆம்பளை குடிச்சா வியாதிம்மா. பொம்பளை முழுங்கினா கொழுப்பு" என்றாள் கிழவி. "ரூம்ல போட்டுப் பூட்டினா தானா வழிக்கு வருவா."

அந்த அறையில் அவள் செத்துப்போவாள் என்று டாக்டர் உடைத்துச் சொன்னார். வெல்டர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவியின் பக்கம் திரும்பி எழுந்திருக்கச் சொன்னான்.

"வரமாட்டேன்" என்றாள் அவள்.

வெல்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதன் பிறகுதான் அடித்தான். முதல் அறையில் நாற்காலிகள் சரிந்து அவள் தரையில் விழுந்தாள். குனிந்து முடியைப் பற்றித் தூக்கி, சுவரில் ஒரு மோது மோதினான். மறுபடி விழுந்ததும் விலாவில் உதைத்தான், ஏற்கெனவே உடைந்து கூடிய அதே இடத்தில். அவன் கண் சிவக்கவில்லை, மூச்சுக்கூட வாங்கவில்லை. பட்டறையில் இரும்பை வளைக்கிற நிதானம் அந்தக் காலில் இருந்தது. மாணவர்கள் கல்லாய்ச் சமைந்து நிற்க, டாக்டர்தான் நடுவில் பாய்ந்து விழுந்தார். அடுத்த உதை அவர் தோளில் இறங்கியது. காவலாளி வந்து இழுத்ததும் வெல்டர் விலகி நின்று சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டான்.

"பட்டுடுச்சா டாக்டரம்மா, மன்னிச்சுக்கோங்க" என்றான். "நான் இப்ப தெளிஞ்சு இருக்கேன். தெளிஞ்சவன் வீட்டை ஒழுங்கு பண்ண வேணாமா? நாளைக்கு வகுப்புக்கு வந்துடறேன்."

சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு நடந்தான். டாக்டர் தரையிலிருந்து எழுந்து, கட்டில் போடச் சொன்னார். தலைமை நர்ஸ் தயங்கினாள்.

"விதி நான் போட்டது, சிஸ்டர். நானே எடுத்துட்டேன். கட்டிலைப் போடுங்க."

ஆண்கள் வார்டின் கோடியில் திரை கட்டி அவளைப் படுக்கவைத்தார்கள். பெண்களுக்கென்று அங்கே தனி வார்டு கிடையாது. பெண்களுக்கு இந்த வியாதி வரும் என்று கட்டடம் கட்டியவர்கள் நினைத்துப் பார்த்ததில்லை. மருந்து முழுதாகப் பிடிப்பதற்குள் அவளுக்குப் புத்தி பிசகியது. மேலே குனிந்த டாக்டரின் முகம் அவள் கண்ணுக்குப் புருஷன் முகமாகத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற குளுகோஸ் கம்பியைப் பிடுங்கி, இத்தனை வருஷமாகத் திருப்பித் தராத அடியையெல்லாம் ஒரே அடியாக இறக்கினாள். டாக்டரின் புருவம் கிழிந்து கண் முழுக்க ரத்தம். இன்னொரு வீச்சில் மருந்துத் தட்டு பறந்து சுவரில் மோதிச் சிதறியது.

வார்டே கொந்தளித்தது. கையைக் காலைக் கட்டச் சொன்னான் ஒருவன், அவன் போன வாரம் கண்ணாடிக் கதவை உடைத்தவன். உடனே வெளியே தள்ளச் சொன்னான் இன்னொருவன், அவன் காவலாளியின் காதைக் கடித்தவன். பொம்பளை கை நீட்டுவதா என்று எல்லா ஆண்களுக்கும் ஒரே ஆத்திரம். டாக்டர் புருவத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு ஒற்றைக் கையால் ஊசியை ஏற்றப் பார்த்தார். முடியவில்லை.

அப்போது சுவரோரம் நின்ற பெண்களில் ஒருத்தி வந்து அவள் காலைப் பிடித்தாள். இன்னொருத்தி தோளை அணைத்துப் பிடித்தாள். ஒவ்வொருத்தியாகத் தன் புருஷனின் கட்டிலை விட்டு எழுந்து திரைக்குள் வந்தார்கள். ஊசி ஏறியது. கட்டிலில் தனியாய்க் கிடந்த ஒருவன் தண்ணீர் கேட்டுக் கத்தினான். அவன் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இங்க ஒருத்திக்கு வியாதி. நீயே எடுத்துக் குடி" என்றாள்.

மறுநாள் காலை அவளுக்குத் தெளிவு வந்தது. டாக்டரின் புருவத்துத் தையலைப் பார்த்ததும், நானா அடிச்சேன் என்று கேட்டுக் கண் கலங்கினாள். நீங்கள் அடிக்கவில்லை, வியாதி அடித்தது என்றார் டாக்டர். அவள் அதோடு விடவில்லை.

"எனக்கு மருந்து கொடுத்தீங்க, நின்னுடுச்சு. அவருக்கும் கொடுத்தீங்களே. ஏன் நிக்கலை?"

இத்தனை வருஷம் பாடம் நடத்தியதில் எந்த மாணவனும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. குடி போனால் அடியும் போய்விடும் என்று அன்றைக்குத் தான் சொன்னது தப்பு என்று டாக்டர் அவளிடம் ஒப்புக்கொண்டார். பிறகு ஒரு காரியத்துக்கு அவள் சம்மதம் கேட்டார். இந்த முறை அவள் வாயைத் திறந்தே சொன்னாள், செய்ங்க என்று.

வெல்டர் சொன்ன சொல் தவறாமல் வகுப்புக்கு வந்திருந்தான். சட்டை மடிப்புக் கலையவில்லை. சிரிக்க வேண்டிய இடம் வந்தது, யாரும் சிரிக்கவில்லை. நெஞ்சில் அடித்துக்கொள்ளும் இடமும் வந்துபோயிற்று, முதல் வரிசையில் எல்லோர் கண்ணும் காய்ந்திருந்தது. அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்த்தான்.

"நேத்து வராந்தாவுல அடிச்சீங்களே, குடிச்சிருந்தீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

குடிக்காமல் இருப்பதுதான் அவன் மார்பில் குத்திக்கொண்டிருக்கும் மெடல். விடுவானா? "சத்தியமா ஒரு சொட்டு இல்ல."

"கண்ணுக்கு ஏதாவது தெரிஞ்சுதா? காதுல ஏதாவது கேட்டுதா?"

"இல்ல டாக்டரம்மா. நல்ல தெளிவோடதான் இருந்தேன்."

டாக்டர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "இவருக்கு இருந்த குடி வியாதிதான். மருந்து கொடுத்தோம், போயிடுச்சு. மிச்சம் இருக்கறதுக்கு நம்மகிட்ட மருந்து இல்ல. அதையும் இதையும் நான் ஒண்ணாப் போட்டுக் குழப்பிச் சொல்லிக் கொடுத்துட்டேன். திருத்தி எழுதிக்கோங்க. வெளிய போலீஸ் வந்திருக்காங்க. நேத்து கண்ணால பார்த்தவங்க எந்திரிச்சு என்கூட வாங்க."

முதலில் ஒரே ஒரு நாற்காலி நகரும் சத்தம்தான் கேட்டது. பிறகு வரிசையாகக் கேட்டது. வெல்டர் எழுந்து நிற்கிற தலைகளைப் பார்த்தான், வாசலில் தெரிந்த சீருடையைப் பார்த்தான். மேடையை விட்டு இறங்கி ஓடிவந்து டாக்டரின் கையைப் பற்றிக்கொண்டான். வகுப்பில் ஒரு நாளும் வராத நடுக்கம் இப்போது அந்தக் குரலில் வந்தது.

"நான் வியாதிக்காரன் டாக்டரம்மா. உங்களுக்குத் தெரியாதா?"

டாக்டர் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையை விடுவித்துக்கொண்டார்.

"இல்ல. நீங்க தெளிஞ்சுட்டீங்க" என்று சொல்லிவிட்டு, போலீஸ்காரருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.