நுனிக்கால் சோதனை

எங்கள் வீட்டில் கால் வலிக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டோம். தலை வலிக்கலாம், பல் வலிக்கலாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கலாம். கால் மட்டும் கூடாது. அப்பாவுக்கு எல்லாம் காலில்தான் தொடங்கியது. சமையலறையின் மேல்தட்டில் இருந்த டப்பாவை எடுக்க நுனிக்காலில் எம்பினார். குதிகால் தரையை விட்டு எழவே இல்லை. கெண்டைக்கால் கொஞ்ச நாளாகவே இழுத்துப் பிடிக்கிறது என்று அப்போதுதான் வாயைத் திறந்தார். பிறகு கைத்தடி, பிறகு சக்கர நாற்காலி, பிறகு கட்டில். இது பரம்பரையாக வரலாம், வராமலும் போகலாம் என்று சொன்ன மருத்துவர், என்னையும் அண்ணனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மனுஷனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அண்ணன் வேறு ஊரில் இருக்கிறான். வாரம் தவறாமல் போன் செய்வான். நல்லா இருக்கியா என்று கேட்பான், நல்லா இருக்கேன் என்பேன். எந்த உறுப்பைப் பற்றிய விசாரணை அது என்று இருவருக்கும் தெரியும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டோம்.

நான் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில், மாவுக்கட்டு மாவில் எடுத்த அச்சில் மெழுகை ஊற்றி, ஊர்பேர் தெரியாதவர்களின் வாய்க்குப் பற்களை வரிசையாக நட்டுக்கொண்டிருப்பேன். வாடகை கட்டுப்படியாகவில்லை என்று முதலாளியம்மா பட்டறையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றினார். பக்கத்துத் தெருவுக்குப் போய் வந்த சைக்கிளில் இப்போது பாலம் ஏறி இறங்க வேண்டும். பக்கத்து மேசைக்காரி வேறு என்னைத் தன் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் இழுத்துப் போட்டாள். எந்நேரமும் ஏதாவது ஒரு மெட்டை ஊதிக்கொண்டே பல் அடுக்குவதால் அவளுக்குப் பட்டறையில் விசில் என்று பெயர். இரண்டு மாதத்தில் அணைக்கட்டு வரை போய்த் திரும்ப வேண்டும், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக என்பது என் ஜாதகத்திலேயே கிடையாது. முதல் வாரமே இரட்டிப்பாக்கினேன்.

அடுத்த வாரம் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது.

முதல் தடவை பட்டறையில், மேசைக்கு அடியில். கையில் யாருடைய கீழ்வரிசைப் பல்லோ இருந்தது. சதை கல்லாக இறுகிக் கால் கட்டை விரல் தானாக மடங்கியது. வலியில் கத்தத் தோன்றவில்லை. அப்பா டப்பாவுக்கு எம்பியதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. இழுப்பு விட்டதும் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, நுனிக்காலில் எம்பிப் பார்த்தேன். குதிகால் எழுந்தது. சரி, இன்று தப்பித்தோம் என்று வந்து உட்கார்ந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். காலையில் எழுந்ததும் ஒரு சோதனை, பாத்திரம் கழுவும்போது ஒரு சோதனை, மெழுகு உருகும் வரை நின்றபடி ஒரு சோதனை. ஒரு தடவை எம்பி நிம்மதி வந்தால் அது அடுத்த அரை மணிக்குக்கூடத் தாங்காது. காலுக்குத் தெம்பு இருக்கிறது என்று நிரூபிக்க இன்னும் அதிக தூரம் ஓட்டினேன். அதிக தூரம் ஓட்டினால் அதிகமாக இழுத்தது, அதிகமாக இழுத்தால் அதிகமாக எம்பினேன். வழியில் கழிவறை கிடையாது என்பதால் தண்ணீரும் குடிப்பதில்லை. கால் வலித்தால் உலகத்தில் எல்லோரும் உட்காருவார்கள், நீ மட்டும்தான் சைக்கிளை எடுக்கிறாய் என்று கணவர் கிண்டல் செய்தார். அவருக்குக் காரணம் தெரியாது. எரிந்து விழுந்தேன். அவர் தைல டப்பாவைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலத்தின் ஏற்றத்தில் இரண்டு காலும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன. பெடலும் நகரவில்லை, காலை ஊன்றவும் முடியவில்லை. அப்படியே சைக்கிளோடு சாய்ந்தேன். விசில் ஓடிவந்து என் செருப்பைக் கழற்றி, பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி அழுத்தினாள். சதை இளகியது. ஆனால் நான் அழுத அழுகையைப் பார்த்து அவள் பயந்துபோய்க் கணவருக்குப் போன் செய்துவிட்டாள்.

காரில் ஏறியதும் அதுவரை அடக்கி வைத்திருந்ததை அவரிடம் போட்டு உடைத்தேன்.

"அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுங்க."

அவர் காரைக் கிளப்பவில்லை. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று மட்டும் கேட்டார். மறுநாளே நரம்பு மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டார்.

மருத்துவர் என்னைவிட வயதில் சின்னவர். நாங்கள் அறைக்குள் போனபோது அவர் வெளியே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். சோதனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற எனக்குக் கை கால் ஓடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எம்ப ஆரம்பித்தேன். அவர் உள்ளே வந்ததுகூடத் தெரியவில்லை.

மேலே ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். அசடு வழிந்தபடி அப்பாவின் கதையையும் டப்பாவின் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார். முழங்காலில் சுத்தியலால் தட்டினார். பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தள்ளச் சொன்னார், அவர் நாற்காலியோடு பின்னால் உருண்டு போனார். குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார். பிறகு ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படி எம்பிப் பார்ப்பேன் என்று விசாரித்தார். கணவர்தான் முந்திக்கொண்டார். கடையில் வரிசையில் நிற்கும்போது, மின்தூக்கியில், மாமா வீட்டில் குடும்பமாகப் படம் எடுக்கும்போதுகூட என்று அடுக்கினார். உயரமாகத் தெரிய ஆசைப்படுகிறாள் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தாராம்.

மருத்துவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"போக வர சைக்கிள். நடுவுல நாள் முழுக்க இது. அந்தச் சதை எப்பதாங்க தூங்கும்? உங்க அப்பாவுக்குக் கால்ல பலம் போச்சு. உங்க கால்ல பலம் போகல, அலுத்துப்போச்சு. அவ்வளவுதான்."

இருந்தாலும் சந்தேகம் மிச்சம் இருக்கக் கூடாது என்று ரத்தத்தையும் நரம்பையும் பரிசோதிக்க எழுதிக் கொடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. சைக்கிள் இருக்கையை உயர்த்துங்கள், விரல் நுனியால் மிதிக்காதீர்கள், தண்ணீர் குடியுங்கள், தூரத்தைக் குறைத்துவிட்டு மெல்லக் கூட்டுங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டுங்கள் என்றார். நுனிக்காலில் எம்புவதற்கு முழுத் தடை. வெளியே வந்து வாகனங்கள் நிற்கும் இடத்தில், யார் வீட்டுக் காரோ, அதன் மேல் சாய்ந்துகொண்டு நான் பாட்டுக்கு அழுதேன். இவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை.

அன்று சாயங்காலம் நானே அண்ணனுக்குப் போன் செய்தேன். கால் என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னேன். படம் எடுக்கும்போது எம்பியது வரை சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பே வரவில்லை.

"நானும்தான்," என்றான்.

"என்னண்ணா நீயும்?"

"பல் தேய்க்கும்போது. ஆபீஸ் படிக்கட்டுல. ராத்திரியெல்லாம் சதை பிடிச்சு இழுக்குது. கால் மடங்கிக் கீழே போட்டுடுவேனோன்னு பொண்ணைத் தூக்கறதே இல்ல. முதுகு வலின்னு சொல்லி வெச்சிருக்கேன்."

வாரா வாரம் நல்லா இருக்கியா என்று கேட்டவனிடம் நான் ஒரு தடவையாவது திருப்பிக் கேட்டிருக்கலாம்.

"அந்த டாக்டர் சனிக்கிழமை இருப்பாங்களா?" என்றான் அண்ணன்.

சனிக்கிழமை அண்ணியையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தான். அண்ணிக்கு ரயிலில்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் உள்ளே இருந்த நேரம் முழுக்க நானும் அவளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எம்ப வேண்டும் போலிருந்தது, அடக்கிக்கொண்டேன். குழந்தை தரைக் கட்டங்களில் தாவி விளையாடிக்கொண்டிருந்தாள்.

நரம்புப் பரிசோதனையும் முடிந்து கதவு திறந்தது. அண்ணன் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். எங்கள் பக்கம் வரவில்லை. நேராகப் போய்க் குனிந்து, தாவிக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே அள்ளித் தோளுக்கு மேல் தூக்கினான். பழக்கமில்லாத உயரம், அவள் மிரண்டுபோய் அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா," என்றான் அண்ணன். "ஒண்ணுமே ஆகல."