ஏணியில் முதலில் ஏறியவன்

கோவில் முக்கில் தன் முகம் போட்ட ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டியபோது ஃபிரெடி ஊரில் இல்லை. காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு கீரனூர் வரை போயிருந்தான். அங்கே அவனுக்கு வேலை எதுவும் கிடையாது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் திரும்பினான். கப்பலிலிருந்து வீடு வந்து ஐந்து வாரமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓர் அறையில் அவனால் உட்கார முடியவில்லை.

பேனரைப் பார்த்ததும் பைக்கை நிறுத்தினான். 'ஏவுகணை தாக்கிய கப்பலில் மாதா காத்த மகன். சனிக்கிழமை மாலை திருவிழாத் திருப்பலி முடிந்ததும் சாட்சி சொல்கிறார்' என்று எழுதியிருந்தது. அவன் படத்துக்குப் பக்கத்தில் நீல மணிகள் கோத்த ஒரு செபமாலை. அதன் கீழே, 'தீ தொடாத செபமாலை. மாதாவின் புதுமை.'

ஏணி மேல் நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் தைரியநாதன், அவனுடைய சித்தப்பா. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எப்படிடா இருக்கு? நானே எழுதுனேன்."

"சித்தப்பா, அந்தச் செபமாலை..."

"பெருசாத் தெரியணும்னு சொல்லிப் போடச் சொன்னேன்" என்றார் அவர்.

ஆவூரைச் சுற்றியிருக்கும் பழைய கத்தோலிக்க வேதக்காரக் குடும்பங்களில் ஒன்று ஃபிரெடியுடையது. இருபத்தொன்பது வயது. ஆறு வருடமாகச் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. செங்கடலைக் கடக்கும்போது கரையிலிருந்து யாரோ ஏவிய ஏவுகணை கப்பலின் வயிற்றில் விழுந்தது. எஞ்சின் ரூமில் அப்போது இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் ஃபிரெடி. இன்னொருவன் கறம்பக்குடிப் பக்கத்துப் பையன் பிரவீன்குமார். கப்பலில் இருந்த பத்தொன்பது பேரில் பிரவீன்குமார் ஒருவன்தான் திரும்பவில்லை.

கை முழுக்கத் தீக்காயத்தோடு ஃபிரெடி ஆப்பிரிக்கக் கரையில் ஜிபூட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நோயாளிகளைப் பார்க்க வந்த கன்னியாஸ்திரீ ஒருவர் அவன் கையில் அந்த நீலச் செபமாலையை வைத்துவிட்டுப் போனார். அவன் கொண்டுபோன செபமாலை கேபினோடு எரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்த அன்று அவன் கழுத்தில் நீலச் செபமாலை கிடந்ததைப் பார்த்து அம்மா ஜெபமாலையம்மாள், "ஐயோ மாதாவே, எம்புள்ள கழுத்த விட்டுப் போகலையே!" என்று கத்தி அழுதாள். தெருவே கூடி நின்றது. அவள் அழுகை அடங்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அடுத்த நாள் அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வர ஆரம்பித்தார்கள்.

பேனரைப் பார்த்த அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

"அம்மா, அது கப்பல்ல இருந்த செபமாலை இல்ல. ஆஸ்பத்திரில ஒரு சிஸ்டர் குடுத்தது."

ஜெபமாலையம்மாள் குழம்பு ஊற்றுவதை நிறுத்தவில்லை. "சரி. அதுவும் மாதா குடுத்ததுதானே."

"ஊருக்குத் தப்பாச் சொல்லியிருக்கோம்."

"நான் ஒன்பது சனிக்கிழமை வெறும் வயித்துல ஆவூருக்கு நடந்தவடா. ஒன்னைய உசுரோட பாத்துட்டேன். எந்த மணி, எந்த நூலுன்னு என்கிட்ட கணக்குக் கேக்காத." ஃபிரெடி பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான்.

சாயங்காலம் பங்குச்சாமியார் இன்னாசியைப் பார்க்கப் போனான். அவர் சப்பரத்துக்கு வந்த பூக்கூடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் உட்காரவில்லை. வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே செபமாலை விஷயத்தைச் சொன்னான்.

"நான் புதுமைங்கற வார்த்தையையே போட வேணாம்னுதான் சொன்னேன், ஃபிரெடி. ஒங்க சித்தப்பா கேக்கல" என்றார் இன்னாசி. "புதுமை, அற்புதம்னு சொல்ல எனக்கும் அதிகாரம் இல்ல, அவருக்கும் இல்ல. நீ நடந்ததை மட்டும் சொல்லு. இல்ல, பேச முடியாதுன்னா நிறுத்திடலாம்."

"நடந்ததை மொதல்ல கேக்க வேண்டியவங்க இங்க இல்ல ஃபாதர்."

இன்னாசி நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பையன் வீட்டுக்கு இன்னும் போகலையா நீ?"

"மூணு தடவ கெளம்புனேன். திருவரங்குளம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

சனிக்கிழமை காலையில், கோவிலில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் நான்காவது முறையாகக் கிளம்பினான். திருவரங்குளத்தில் நிறுத்தினால் திரும்பிவிடுவோம் என்று தெரிந்ததால் நிறுத்தவே இல்லை. ஆலங்குடி தாண்டிப் போய், கறம்பக்குடிக்கு முன்னால் வழி கேட்டு, நிலக்கடலைக் காட்டு ஓரத்தில் இருந்த அந்த வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தியபோது மணி பத்தரை.

பிரவீன்குமாரின் தங்கை நித்யா அவனைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்க" என்றாள். குரலில் ஈரம் இல்லை. போனை எடுத்து அவனிடம் நீட்டினாள். அதில் ஓடிய வீடியோவில் தைரியநாதன் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் கண்ணாடிப் பெட்டியும் நீல மணிகளும். "எல்லாரும் அனுப்புறாங்க" என்றாள்.

உள்ளேயிருந்து அம்மா லட்சுமி வந்தாள். அப்பா பழனிச்சாமி காட்டிலிருந்து மண் காலோடு வந்து நின்றார். கேள்வியை முதலில் கேட்டவள் லட்சுமிதான்.

"நானும் எங்க ஐயனாருக்கு நேந்துக்கிட்டேன் தம்பி. தெனமும் வெளக்குப் போட்டேன். ஒங்க மாதா ஒன்னையத் தூக்குறப்ப பக்கத்துலயே நின்ன எம்புள்ளையப் பாக்கலையா?"

ஃபிரெடி வாசலுக்கு இரண்டடி பின்னால் போனான். பைக் பக்கத்தில்தான் இருந்தது. பிறகு திரும்பி வந்தான்.

"என்னைய மாதா தூக்குனாங்களான்னு எனக்குத் தெரியாதும்மா. பிரவீன்தான் தூக்குனான்" என்றான்.

பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வெடித்ததும் விளக்குகள் போய்விட்டன. புகையில் கை தெரியவில்லை. தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இரும்புக் கூண்டு, அதற்குள் நெட்டுக்குத்தான ஏணி, ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் ஏற முடியும். தடவித் தடவி அந்தக் கதவை முதலில் கண்டுபிடித்தது பிரவீன்தான். ஃபிரெடி தரையில் மண்டியிட்டு இருமிக்கொண்டிருந்தான். பிரவீன் அவனைத் தேடி வந்து, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, ஏணியில் அவன் கையைக் கொண்டுபோய் வைத்தான்.

"'நீ ஏறுடா, நான் பின்னாலயே வாரேன்'னு சொன்னான். ஏறுனேன். பாதிவரைக்கும் கீழ அவன் ஏறுற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் கேக்கல."

"நீ எறங்கிப் பாத்தியா?" பழனிச்சாமி கேட்டார்.

"இல்லீங்க."

"கூப்பிட்டுப் பாத்தியா?"

"இல்லீங்க. மேல வெளிச்சம் தெரிஞ்சுச்சு. ஏறிட்டேன்."

பழனிச்சாமி மளமளவென்று காட்டுக்குள் இறங்கிப் போய்விட்டார். லட்சுமி தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "என்ன சொன்னான்? திருப்பிச் சொல்லு" என்றாள். சொன்னான். "இன்னொருக்கா." சொன்னான். மூன்றாம் முறை அவளுக்கு அழுகை வந்தது. "வாரேன்னு சொன்னா வந்துருவானேடா அவன்" என்று மட்டும் சொன்னாள்.

நித்யா உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தாள். கம்பெனி அனுப்பிய கடிதம். வெளியேறும் உத்தரவைக் கவனிக்காமல் பின்தங்கியதால் இறந்தான் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. "பயந்துபோய் அப்படியே நின்னுட்டான்னு ஊருல பேசுறாங்க. எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியல" என்றாள்.

பழனிச்சாமி திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். "இன்னைக்கு ஒங்க கோவில்ல மைக்குல பேசப்போறீல்ல? இதை அங்க சொல்லுவியா?"

"சொல்லுறேங்க."

"நானும் வாரேன்."

அவர் தன் வண்டியில் பின்னாலேயே வந்தார். அறுபது கிலோமீட்டரும் ஃபிரெடி கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். ஓரிடத்தில் லாரி மறைத்தபோது ஓரம் கட்டி, அவர் மறுபடி தெரியும்வரை நின்றான்.

பூசை முடிந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. கோவில் நிறைந்து, வெளியே பந்தலும் நிறைந்திருந்தது. தைரியநாதன் கண்ணாடிப் பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் வைத்தார். ஃபிரெடி மைக்கைப் பிடித்தான். பின்வாசல் பக்கம் பழனிச்சாமி தோளில் துண்டோடு நின்றிருந்தார்.

"இந்தச் செபமாலை தீயில இருந்ததில்ல" என்று ஆரம்பித்தான்.

முன்வரிசையில் சலசலப்பு எழுந்தது. தைரியநாதன் ஆம்ப்ளிஃபயரை அணைக்கப் போனார். இன்னாசி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். ஃபிரெடி நிறுத்தவில்லை. ஏணியைச் சொன்னான். காலரைப் பிடித்து இழுத்ததைச் சொன்னான். தான் இறங்கிப் பார்க்காததையும் சொன்னான். "அவன் பேரு பிரவீன்குமார். கறம்பக்குடி. அவங்கப்பா அங்க நிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு மைக்கை வைத்தான்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கையைத் தட்டுவதா, செபம் சொல்லுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெண் எழுந்து, பெட்டியை ஓரக்கண்ணால் பார்த்தபடி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ஜெபமாலையம்மாள் நடுவழியாக நடந்து பின்வாசலுக்குப் போனாள். பழனிச்சாமிக்கு எதிரே நின்றாள். கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார். "சாப்பிட்டுப் போங்க" என்றாள். "இல்லம்மா, வீட்டுல அவளும் புள்ளையும் மட்டும் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

தைரியநாதன் அதன்பிறகு ஃபிரெடியோடு பேசவில்லை. பேனரை அவரே அவிழ்த்தார். ஜெபமாலையம்மாள் செபமாலையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "அந்தப் புள்ளைய அனுப்புனதே மாதாதான்" என்று அவள் சொல்வதை ஃபிரெடி மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. அதை யோசிக்க ஆரம்பித்தால் லட்சுமி கேட்ட கேள்வி வந்து நின்றது. அவன் பைக் சாவியைத் தேடினான்.

அடுத்த வியாழக்கிழமை, நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு கறம்பக்குடிக்குப் போனான். பழனிச்சாமியும் அவனும் போஸ்ட் ஆபீஸில் வரிசையில் நின்று, கம்பெனி முகவரிக்கு அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். வெளியே வந்ததும் பழனிச்சாமி ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கொஞ்ச தூரம் நடந்தவர் நின்றார்.

"ஏணில ஏறுறப்ப அவன் கை ஒன் மேல பட்டுச்சா தம்பி?"

"பட்டுச்சுங்க. ஒரு தடவ. கால வேகமா எடுன்னு தட்டுனான்."

"எந்தக் காலு?"

"எடது காலுங்க."

பழனிச்சாமி குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். சந்தைக் கூட்டம் இரண்டு பேரையும் இடித்துக்கொண்டு போனது. ஃபிரெடி நகராமல் நின்றான்.