மாடி அறைக்கு வந்த கடிதங்கள்

திருமலைசாமி இறந்து நாற்பது நாள் ஆனபின் அவர் பெயருக்கு முதல் கடிதம் வந்தது. முகவரியில் பீளமேட்டு வீட்டு எண்ணுக்குக் கீழே 'மாடி அறை' என்று இருந்தது. அவரைத் தவிர யாரும் அப்படி எழுதியதில்லை. பங்குச் சந்தைப் பக்கங்களை விரித்துவைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த அறை அது.

அனுப்பியது பம்பாயில் ஏதோ ஒரு பங்கு ஆலோசனை நிறுவனம். கௌசிகா செமிகண்டக்டர்ஸ் வரும் வெள்ளிக்குள் ஏறும் என்று ஒரு வரி. அடியில், யாரிடமும் காட்ட வேண்டாம் என்று இன்னொரு வரி. பங்கு ஏறியது. அடுத்த சனிக்கிழமை, இறங்கும் என்று வந்தது. இறங்கியது. ஆறு வாரத்தில் ஆறும் பலித்தன.

மூன்றாவது வாரத்திலிருந்து அவர் மனைவி ராமாமணி கடிதத்தை உடனே பிரிப்பதில்லை. மாடியில் அவர் மேஜைமேல் வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் காபியும் வைத்துவிட்டு இறங்கிவிடுவாள். சற்று நேரத்தில் மேலே பிரம்பு நாற்காலி கிறீச்சிடும். அதன்பிறகு போய்ப் பிரிப்பாள்.

ஏழாவது கடிதம் நீளமாக இருந்தது. பங்கு மூன்று மடங்காகும், எங்கள் மூலம் வாங்க மாதக் கடைசிக்குள் பணம் அனுப்புங்கள் என்றது. சோமனூரில் அவர் விட்டுப்போன தறிக்கூடத்தை விற்க ராமாமணி ஆள் பிடித்துவிட்டாள். அதன் வாடகையில்தான் வீடு ஓடியது. திங்கட்கிழமை கிரயம். சாட்சிக் கையெழுத்துக்கு ஆறுச்சாமியை வியாழக்கிழமை வரச்சொன்னாள். மோட்டார் பம்ப் பட்டறைக்காரர். அவரும் திருமலைசாமியும் சேர்ந்துதான் பங்கு வாங்கிப் பழகினார்கள்.

"வித்துப்போட்டு எதுல போடறீங்க அம்மணி?"

"கௌசிகாவுலீங்ணா."

"அந்தச் சிப்பு கம்பெனியா? நகத்தளவு சில்லுக்குள்ள என்ன பண்றாங்கன்னு மோட்டாருக்குக் காயில் சுத்தற எனக்கே வெளங்கலீங்க. திருமலைசாமிக்கும் வெளங்கலை. வெளங்காததுதான்டா ஏறும்னு சொல்லுவான்."

"இப்பவும் அவர்தாங்ணா சொல்றாரு."

ஏழு கடிதங்களையும் எடுத்துவந்து வைத்தாள். ஆறுச்சாமி இரண்டாவதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். அரைமணி நேரத்தில் இரண்டு உறைகளோடு திரும்பிவந்தார்.

"எனக்கும் வந்துச்சுங்க. சொல்லலை."

ராமாமணிக்கு அதில் ஆச்சரியமில்லை. போர்வெல் போட நீரோட்டப் புள்ளி பார்த்தால், அதன்மேல் கல்லைக் கவிழ்த்துவைத்து, தண்ணீர் வரும்வரை பக்கத்துத் தோட்டத்துக்குச் சொல்லாத ஊர் இது. அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆறுச்சாமி தன் இரண்டாவது கடிதத்தை அவளுடையதன் பக்கத்தில் வைத்தார். அதே தேதி, அதே கையெழுத்து. அவளுடையதில் இறங்கும். அவருடையதில் ஏறும்.

"அதோட எனக்கு நின்னுபோச்சு. தப்பாச் சொன்னதுக்குக் கம்பெனிக்காரன் வெக்கப்பட்டு நிறுத்திட்டான்னு நெனச்சேன். அப்படியில்லீங்க. பாதிப் பேருக்கு ஏறும்னு எழுதறது, பாதிப் பேருக்கு இறங்கும்னு எழுதறது. தப்பாப் போனவங்களை உட்டுப்போட்டு, மிச்சப் பேருக்கு மறுபடியும் பாதி பாதி. அறுபத்துநாலு வீட்டுல ஆரம்பிச்சா, ஆறு வாரத்துல ஒரு வீட்டுக்கு மட்டும் எல்லாம் சரியா இருக்கும்."

"மாடி அறைன்னு அவங்களுக்கு எப்படிங்ணா தெரியும்?"

"பத்திரிகைல அவங்க கூப்பன் வந்துச்சுங்க. திருமலைசாமி படுக்கைல விழறதுக்கு முந்தின வாரம், பேக்கரில உக்காந்து ரெண்டு பேருக்கும் அவனேதான் நிரப்பினான். எனக்கு என்ன எழுதினான் பாருங்க."

உறையை நீட்டினார். 'ஆறுச்சாமி, பட்டறை, ஓட்டை ஸ்டூல்' என்று இருந்தது.

ராமாமணி சிரித்துவிட்டாள். பிறகு உறையைக் கீழே வைத்தாள்.

"அறுபத்துநாலு வீடுங்ளா?"

"கணக்குக்குச் சொன்னேன். இன்னும் அதிகமாக்கூட இருக்கும்."

"அத்தனை வீட்டுல, ஏனுங்ணா இந்த வீடு?"

ஆறுச்சாமி எழுந்துபோய்ச் செருப்பைத் தேடினார்.

கிரயம் வேண்டாம் என்று அன்று மாலையே அவள் சொல்லியனுப்பினாள். பணமும் அனுப்பவில்லை.

சனிக்கிழமை தபால்காரர் கரீம் சைக்கிளை நிறுத்தாமலே, "இன்னைக்கு ஒண்ணுமில்லீங்க" என்றபடி போய்விட்டார். அதற்குள் அவள் காபியைக் கலந்திருந்தாள். கொட்ட மனம் வராமல் மாடிக்குக் கொண்டுபோனாள். வெறும் மேஜைமேல் டம்ளரை வைத்துவிட்டு, இந்த முறை கீழே இறங்காமல் நின்றாள். காபிமேல் ஆடை படியும்வரை நின்றாள். பிறகு அவளே நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன காபியைக் குடித்தாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. அவள் உட்கார்ந்ததால்தான்.